கடல்கோளும் கல்லெழுத்தும்

மாண்டோர் நினைவாகக் கல் நிறுத்தும் வழக்கம் தமிழர்க்கு மிகப் பழமையானது. போரில் வீழ்ந்த மறவனுக்கும், ஆநிரை மீட்கச் சென்று உயிர் துறந்தவனுக்கும் கல் நாட்டி, பெயரும் பீடும் பொறித்து, மாலை சூட்டிப் போற்றிய செய்தியைச் சங்கப் பாடல்கள் பலபட எடுத்துரைக்கின்றன. தொல்காப்பியம் இச்செயலை ஆறு நிலைகளாகப் பகுத்துக் காட்டுகின்றது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அக்கல்லைக் கைக்கொள்வது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நாட்டுவது நடுதல், நாட்டிய கல்லுக்குச் சிறப்புச் செய்வது பெரும்படை, போற்றுவது வாழ்த்து. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் கல் எடுத்த வரலாற்றைக் கூறும் சிலப்பதிகார வஞ்சிக் காண்டமும் ஏறத்தாழ இம்முறையையே பின்பற்றிக் காதைகளுக்குப் பெயர் சூட்டியுள்ளது.

இவ்வாறு நிலைகளில் நடுதல் என்பது நான்காவதே. கல் நிமிர்ந்து நின்ற பின்னரும் மக்கள் செய்ய வேண்டிய பணிகள் இரண்டு எஞ்சி நிற்கின்றன. தொல்காப்பியர் வகுத்த இம்முறையில் பொதிந்துள்ள உண்மையை, தமிழரோடு தொடர்பில்லாத ஒரு கடற்கரை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்நாடு யப்பான். அங்கே கல் நாட்டப்பெற்றது போரில் மாண்டோர்க்கு அன்று; கடலால் மாண்டோர்க்கு.

போர்க்களத்தில் வீழ்ந்தவனின் கல்லில் எழுதுவதற்கு அவனது வீரம் உண்டு. இயற்கைச் சீற்றத்தில் மாண்டவர்களோ உறங்கிக் கொண்டிருந்த குழந்தைகள், நடக்க இயலாத முதியோர், விருந்துண்டு மகிழ்ந்திருந்த குடும்பத்தினர். அவர்களுக்கு எடுக்கும் கல்லில் எதனை எழுதுவது? அதனை எங்கே நிறுத்துவது? அது மாண்டோர்க்காகப் பேச வேண்டுமா, இனிப் பிறக்கப் போகின்றவர்களோடு பேச வேண்டுமா? நினைவுக்கல் அமைப்போர் உளியை எடுக்குமுன் விடை காண வேண்டிய வினாக்கள் இவை.

ஒசாக்கா கல்

யப்பானியர் ‘சு’ என்னும் சொல்லால் துறைமுகத்தையும், ‘நாமி’ என்னும் சொல்லால் அலையையும் குறிப்பர். நடுக்கடலில் மீன் பிடிப்போர்க்குப் புலப்படாது கடந்து, துறைக்குள் புகுந்தபின் மலையென எழுந்து அழிக்கும் அலையாதலின் அதற்குச் சுனாமி என்று பெயர் அமைந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினம் முதல் பினாங்கு வரை பல கரைகளில் உயிர் குடித்த பின்னரே, தமிழர் இல்லங்களில் அச்சொல் எல்லாரும் அறிந்த சொல்லாயிற்று.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 1854 டிசம்பர் 24-ஆம் நாள், யப்பானின் தென்மேற்குக் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. முந்திய நாளும் நிலம் கடுமையாக நடுங்கியிருந்தது. ஒசாக்கா நகர மக்கள், வீடு இடிந்து விழுமோ, தீப்பற்றுமோ என அஞ்சி, கால்வாய்களில் நின்ற சிறு படகுகளில் ஏறி அமர்ந்தனர். நிலம் அசைந்தாலும் நீர் தம்மைத் தாங்கும் என்பது அவர்களது எண்ணம். ஆயின் பொழுது சாயும் வேளையில் அஜி, கிசு என்னும் இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்கள் வழியே பேரலை உட்புகுந்தது. நங்கூரமிட்டிருந்த பெருங்கப்பல்கள் மேல்நோக்கி அடித்துச் செல்லப்பட்டன, பாலங்களைத் தகர்த்தன, சிறு படகுகள்மீது சாய்ந்து அவற்றில் இருந்தோரை நசுக்கின.

மறு ஆண்டு, 1855-இல், கிசு ஆற்றங்கரையில் ஒரு கல் நாட்டப்பெற்றது. இன்றும் தைஷோ பாலத்தின் அருகே அக்கல் நிற்கின்றது. நடந்ததை நடந்தவாறே கூறும் அக்கல்வெட்டு, மேலும் ஒரு செய்தியை மறைக்காது உரைக்கின்றது. 148 ஆண்டுகளுக்கு முன், 1707-இலும் இதே நகர மக்கள் இதே போன்று படகேறி இதே போன்று மூழ்கினர். காலம் நெடிது கடந்தமையால் அதனைச் சொல்லித் தருவார் அரிதாயினர். ஆகவே அதே துன்பம் மீண்டும் நேர்ந்தது என்பதே அச்செய்தி. நிலம் பெரிதும் நடுங்கினால் அலை வரும் என்று எண்ணுக, படகில் ஏறாதிருக்க, தீயினிடத்தும் எச்சரிக்கையாக இருக்க என்று அறிவுறுத்தி, இறுதியில் ஒரு வேண்டுகோளையும் விடுக்கின்றது. நல்லுள்ளம் உடையோர் ஆண்டுதோறும் இவ்வெழுத்துகளுக்கு மை இட்டு, படிப்பதற்கு எளிதாக வைத்திருக்க வேண்டும் என்பது அவ்வேண்டுகோள்.

கல்லில் பொறித்தது அழியாது என்பது உலகோர் நம்பிக்கை. அக்கல்லை அமைத்தவர்கள் அந்நம்பிக்கையைக் கொள்ளவில்லை. எழுத்து மங்கும், மங்கினால் படிப்பார் இரார், படிப்பார் இன்றேல் மீண்டும் மக்கள் படகில் ஏறுவர் என்பதை உணர்ந்து, பாதுகாக்கும் பணியையே கல்வெட்டின் ஒரு பகுதியாக்கினர். அப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களில், குழந்தைகளைக் காக்கும் தெய்வமாகிய ஜிசோவின் விழாவை ஒட்டி, அக்கல்லைக் கழுவி எழுத்துகளுக்கு மை தீட்டி வருகின்றனர்.

இரங்கலும் எச்சரிக்கையும்

யப்பானின் வடகிழக்கே அமைந்த சன்ரிக்குக் கடற்கரை மலைகளும் குறுகிய குடாக்களும் மாறி மாறி அமைந்த நிலப்பகுதியாகும். அதற்குக் கிழக்கே ஆழ்கடலில் பசிபிக் நிலத்தட்டு யப்பானின் அடியில் அமிழ்ந்து செல்கின்றது. அங்கே தட்டுகள் திடீரென நழுவும்போது எழும் அலை, வாய் அகன்று உட்செல்லச் செல்லக் குறுகும் குடாக்களில் நெருக்குண்டு உயர்கின்றது. மீன்வளம் மிக்க அத்துறைகளே அழிவின் வாயில்களாகவும் அமைந்தன.

1896 ஜூன் 15-ஆம் நாள் மாலை நிலம் சற்றே அசைந்தது. அன்று ஆண்பிள்ளைகளுக்குரிய திருவிழா. சீனப் போரிலிருந்து மீண்ட வீரர்களை வரவேற்கும் விருந்துகளும் நடைபெற்றுக்கொண்டிருந்தன. அசைவு மெல்லியதாக இருந்தமையின் எவரும் பொருட்படுத்தவில்லை. அரைமணி நேரத்திற்குப் பின் வந்த அலை, ரியோரி என்னுமிடத்தில் 38 மீட்டர் உயரம் வரை ஏறிற்று. ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். தொலைவில் மீன்பிடித்துக் கொண்டிருந்தவர்கள் எதுவும் அறியாது கரை திரும்பி, தம் ஊர் இருந்த இடத்தில் சிதைவுகளையே கண்டனர்.

அவ்வழிவுக்குப்பின் ஊர்தோறும் கற்கள் எழுந்தன. அவற்றுட் பல இரங்கற் கற்கள். மாண்டோரின் ஆன்ம அமைதியை வேண்டிப் பௌத்த நெறியில் நாட்டப்பெற்றவை. அவற்றின் வாசகங்கள் பெரும்பாலும் கற்றறிந்தோர் மட்டுமே படித்துணரத்தக்க சீனச் செந்நடையில் அமைந்திருந்தன. இரங்குதல் மனித இயல்பு; அதனைக் குறை கூறுவார் எவரும் இலர். ஆயினும் வலைபின்னும் மீனவனும் பள்ளி செல்லும் சிறுவனும் அக்கற்களின் முன் நின்றபோது, அவை அவர்களோடு பேசவில்லை.

முப்பத்தேழு ஆண்டுகள் கடந்தன. 1933 மார்ச் 3-ஆம் நாள், பனி மூடிய பின்னிரவில், அதே கரையில் நிலம் வலிமையாக நடுங்கியது. மீண்டும் அலை எழுந்தது. மாண்டோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 3,000 பேர். இம்முறை எழுந்த கற்கள் வேறு தன்மையன. தோக்கியோவின் அசாஹி நாளிதழ் மக்களிடம் திரட்டிய உதவி நிதியின் ஒரு பகுதி, அழிவுற்ற ஊர்களில் நினைவுக்கல் நாட்டுவதற்கு வழங்கப்பெற்றது. அக்கற்களில் இரங்கலைவிட அறிவுரையே முதன்மை பெற்றது. நிலம் நடுங்கினால் அலையை எதிர்நோக்குக. இங்கே வந்து ஒரு மணி நேரம் பொறுத்திருக்க. தொலைவுக்கு ஓடினால் அலை துரத்திப் பிடிக்கும், ஆதலின் அருகிலுள்ள உயரமான இடத்தை முன்னரே தேர்ந்து வைக்க. குறிக்கப்பெற்ற எல்லைக்குக் கீழே வீடு கட்டற்க என்பன போன்ற நெறிகள், சிறுவனும் மனப்பாடம் செய்யத்தக்க குறுந்தொடர்களாகப் பொறிக்கப்பெற்றன. கல்லின் மொழி செந்நடையிலிருந்து மக்கள் நடைக்கு இறங்கிய வரலாறு இது.

கல்லும் உளியும்

கல்லைத் தேர்வதிலும் கருத்துச் செலுத்தப்பட்டது. இஷினொமாக்கி நகரை அடுத்த இனாய் பகுதியில் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறக் கல், பெரிய பலகைகளாக வெட்டுதற்கு இசைவதால் நினைவுக் கற்களுக்குப் பெயர் பெற்றது. வாசகத்தை எழுத்துக்கலை வல்லார் தூரிகையால் தாளில் எழுதுவர். அதனைக் கல்லின்மேல் படியெடுத்துக் கல்தச்சர் உளியால் செதுக்குவர். எழுத்தின் பள்ளம் அடியில் கூர்மையாக முடியுமாறு ஆழ வெட்டினால், ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலும் படிந்து எழுத்து தொலைவிலிருந்தும் துலங்கும். ஆழம் குறைந்த எழுத்தையோ உப்புக்காற்றும் பாசியும் விரைவில் மூடிவிடும்.

எனினும் எழுத்தினும் முதன்மையானது இடம். இவாத்தே மாநிலத்தின் ஒமோயே தீவக்குறையில் உள்ள அனெயோஷி என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. 1896-இல் அவ்வூரில் எஞ்சியோர் 2 பேர். 1933-இல் எஞ்சியோர் 4 பேர். இரண்டாம் அழிவுக்குப்பின் ஊரார், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில், மேலேறும் பாதையின் ஓரமாக ஒரு கல்லை நாட்டினர். உயர்ந்த இடத்து வாழ்வே பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் நலம் என்றும், இக்கல்லுக்குக் கீழே வீடு கட்டலாகாது என்றும் அதில் பொறித்தனர். எஞ்சியோரின் எண்ணிக்கையையும் எழுதினர். ‘பலர் மாண்டனர்’ என்பதைவிட ‘இருவர் எஞ்சினர், நால்வர் எஞ்சினர்’ என்னும் கணக்கு நெஞ்சை ஆழத் தைக்கின்றது அன்றோ?

2011 மார்ச் 11-ஆம் நாள் 9.0 அளவிலான நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை, வடகிழக்கு யப்பானில் 18,000-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அனெயோஷியை ஒட்டிய பள்ளத்தாக்கில் அது 40 மீட்டருக்கு மேல் ஏறிற்று. ஆயினும் அக்கல்லை எட்டாது கீழேயே நின்றது. கல்லுக்கு மேலிருந்த வீடுகளுள் ஒன்றும் அழியவில்லை. எனினும் அன்று ஊருக்கு வெளியே தாழ்ந்த இடத்தில் இருந்த அவ்வூரார் சிலரைக் கடல் கொண்டது. கல் வீடுகளைக் காத்தது. வீட்டை விட்டு வெளியே சென்றாரை அதனால் காக்க இயலவில்லை.

கல்லின் குறைகள்

அனெயோஷியின் வெற்றியை எடுத்துரைப்போர், பிற கற்கள் அடைந்த தோல்வியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யப்பானிய இயற்பியல் அறிஞர் தெராதா தொராகிக்கோ, 1933-ஆம் ஆண்டு அழிவுக்குப்பின் எழுதிய கட்டுரையில், முன்னைய அழிவின் நினைவாக எழுந்த கல் ஒன்று இரண்டாக உடைந்து எழுத்து மங்கிக் கிடந்ததைக் குறிப்பிட்டுள்ளார். வேறோர் ஊரில், மக்கள் மிகுதியாக நடமாடும் பாதையோரத்தைத் தேர்ந்தே கல்லை நாட்டினர். பின்னர்ப் புதிய சாலை வேறு வழியாக அமைந்தது. பழைய பாதை பாழ்பட்டது. கல்லும் தனித்து நின்றது. அறிவுரை அங்கேயே இருந்தது. அதனைக் கடந்து செல்வோர்தாம் இல்லாமற் போயினர்.

வாசகமும் பிழைபடுவதுண்டு. நிலம் நடுங்கினால் அலை வரும் என்று கற்கள் கற்பித்தன. ஆனால் 1960 மே 24-ஆம் நாள், பசிபிக்கின் மறுகரையில் உள்ள சிலி நாட்டு நிலநடுக்கத்தால் எழுந்த அலை, கடலைக் கடந்து வந்து சன்ரிக்குக் கரையைத் தாக்கிற்று. அங்கே நிலம் சிறிதும் நடுங்கியதாக எவரும் உணரவில்லை. யப்பானில் மாண்டோரும் காணாமற் போனோரும் 142 பேர். அதன்பின் எழுந்த கற்கள் சிலவற்றில், நிலம் நடுங்காவிடினும் கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுக என்னும் வாசகம் சேர்க்கப்பெற்றது. 2011-இலோ, முன்னைய அலைகளின் எல்லையில் நின்ற கற்கள் பலவற்றைக் கடலே அடித்துச் சென்றது. சென்ற அலை எட்டிய இடத்தைக் கல் காட்டும். வரும் அலை எட்டப்போகும் இடத்தைக் காட்ட அதனால் ஆகாது.

கடலோடு மட்டும் இச்செய்தி நின்றுவிடவில்லை. ஹிரோஷிமா மாநிலத்தின் சாக்கா என்னும் ஊரில், 1907-இல் பெருமழையால் 44 பேர் மாண்டதைக் கூறும் கல் ஒன்று நெடுங்காலமாக நின்றது. 2018 ஜூலையில் பெய்த பெருமழையில் அதே பகுதியில் மீண்டும் பலர் உயிரிழந்தனர். கல் இருந்தது, ஆனால் அதன் செய்தி ஊராரின் செயலில் போதிய அளவு இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டே யப்பானிய நில அளவைத் துறை, இயற்கை அழிவுகளைக் கூறும் கற்களுக்கென ஒரு தனிக் குறியீட்டை நாட்டின் வரைபடத்தில் புகுத்தியது. நினைவுக்கல்லைக் காட்டும் பழைய குறியின் உள்ளே எழுத்தைச் சுட்டும் ஒரு கோடு சேர்க்கப்பட்டது. பாதையோரத்தில் மறக்கப்பட்ட கல், மக்கள் விரித்துப் பார்க்கும் வரைபடத்தில் மீண்டும் இடம்பெற்றது.

மாணவர் நாட்டிய கற்கள்

மியாகி மாநிலத்தின் ஒனகாவா, ஏறத்தாழ 10,000 மக்கள் வாழ்ந்த மீன்பிடி நகரம். 2011-இல் அந்நகரம் 827 பேரை இழந்தது. பேரழிவை அடுத்து வந்த ஏப்ரலில், அந்நகரின் இடைநிலைப் பள்ளியில் புதிய மாணவர்கள் சேர்ந்தனர். அவர்களுள் வீட்டை இழந்தோரும் உறவினரை இழந்தோரும் இருந்தனர். சமூகவியல் வகுப்பில், அடுத்த அலையிலிருந்து உயிர்களைக் காக்க வழி என்ன என்னும் வினா எழுந்தது. மாணவர்கள் தம்முள் ஆராய்ந்து மூன்று முடிவுகளுக்கு வந்தனர். ஊர் மக்களிடையே பிணைப்பை வளர்த்தல் ஒன்று. எளிதில் மேட்டுக்கு ஏறத்தக்கவாறு நகரை அமைத்தல் ஒன்று. நிகழ்ந்ததைப் பதிவு செய்து பின்வருவோர்க்கு விட்டுச் செல்லுதல் ஒன்று.

மூன்றாம் முடிவின் விளைவே ‘உயிர்க்கற்கள்’. நகரைச் சேர்ந்த 21 கடற்கரைக் குடியிருப்புகளிலும், அலை ஏறிய எல்லைக்கு மேலே, ஒவ்வொரு கல் நாட்டுவதெனத் துணிந்தனர். தேவைப்பட்ட ஒரு கோடி யென்னைப் பெருஞ்செல்வர் ஒருவரிடம் வேண்டாது, ஒருவர்க்கு 100 யென் என்னும் அளவில் மக்களிடமே திரட்டினர். கல்விச் சுற்றுலாவாகத் தோக்கியோ சென்றபோதும் நிதி திரட்டினர். 2013 நவம்பரில் முதற்கல் தம் பள்ளியில் திறக்கப்பெற்றது. பள்ளியை விட்டு நீங்கிய பின்னரும் பணியைத் தொடர்ந்தனர். 2021-இல் இருபத்தொன்றாவது கல் நிறைவுற்றபோது அம்மாணவர்கள் இருபது வயதைக் கடந்த இளைஞர்களாக வளர்ந்திருந்தனர்.

அக்கற்களில் மாணவர்கள் மொழி வகுப்பில் தாமே இயற்றிய ஹைக்கூக்கள் இடம்பெற்றுள்ளன. இரங்கல் அங்கே கவிதையாக நிற்கின்றது. அதனோடு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழப்போவோரை விளித்து எழுதிய அறிவுரையும் உள்ளது. பெரிய நிலநடுக்கம் வந்தால் இக்கல்லினும் மேலே ஓடுக. ஓட மறுப்பாரை வற்புறுத்தியேனும் அழைத்துச் செல்க. வீட்டுக்குத் திரும்ப முயல்வாரைத் தடுத்து நிறுத்துக. இக்கல்லை இடம் பெயர்க்கற்க என்பன அதன் சாரம். மாண்டோருள் பலர் ஓட மறுத்தவர்களும் திரும்பிச் சென்றவர்களும் ஆவர் என்னும் துயர அறிவு அச்சொற்களில் அடங்கியுள்ளது. ‘கல் வரை’ என்னாது ‘கல்லினும் மேலே’ என்றமை, பழைய கற்களின் குறையை உணர்ந்த தெளிவாகும். இரங்கலையும் எச்சரிக்கையையும் ஒரே கல்லில் இணைத்து, அவற்றோடு தம் பட்டறிவைத் தொகுத்து ஒரு பாடநூலையும் ஆக்கினர்.

இவாத்தே மாநிலத்தின் ஒத்சுச்சி நகரில் மற்றொரு மாணவர் வேறு வகையாகச் சிந்தித்தார். கல் நாட்டப்பெற்றதும் ஊரார் பணி முடிந்ததெனக் கருதி மறந்துவிடுகின்றனர் என்பது அவ்வுயர்நிலைப் பள்ளி மாணவரின் கருத்து. ஆகவே மரத்தால் நினைவுத்தூண் அமைக்க வேண்டும் என்றார். மரம் உளுத்துப் போகும். உளுத்துப் போவதால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் போதெல்லாம் ஊர் கூடும். கூடும்போதெல்லாம் கதை சொல்லப்படும். 2013 மார்ச் 11-ஆம் நாள் அந்தோ என்னும் பகுதியில் அத்தூண் நாட்டப்பெற்றது. நான்காண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக்குவது எனவும் முடிவு செய்யப்பெற்றது.

மரத்தூணை வேண்டிய மாணவரும், எழுத்துக்கு மை இடுமாறு வேண்டிய ஒசாக்கா முன்னோரும், ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே உண்மையைக் கண்டவர்கள். கல்லுக்கு நினைவாற்றல் இல்லை. நினைக்க வேண்டியவர்கள் மக்களே. தகுந்த கல்லைத் தேர்தலும், தெளிந்த மொழியில் எழுதுதலும், உயர்ந்த இடத்தில் நிறுத்துதலும் இன்றியமையாதன. ஆயினும் அவை நான்காம் நிலையோடு முடிந்துவிடுகின்றன. தொல்காப்பியர் அதன்பின் பெரும்படையையும் வாழ்த்தையும் வைத்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை நீரும் துணியும் மையும் கொண்டு கல்லின் முன் அமரும் ஒசாக்கா மக்கள் செய்வது அவ்வெஞ்சிய பணியே. ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கல்லின் முன் நிறுத்தி, எழுத்தைத் தொட்டுப் படிக்கச் செய்து, அதன் பொருளை அவர்தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு கேட்பாராயின், அவரும் அக்கல்லுக்கு மை இட்டவரே ஆவர்.